தண்ணீர் ஓடும் கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு: பணத்தைக் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

போனஸ் மாதம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, 5090 எடுக்கலாமா? இல்ல பழைய 4090 ஒன்னு கிடைக்குது, அது போதுமா? வாட்டர் கூலிங் போடப் போறேன்." கேட்பவர்களில் பாதிப் பேர் விளையாட்டுப் பிரியர்கள். மீதிப் பேர் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள். கிள்ளான் வட்டாரத்தில் 18 ஆண்டுகளாகக் கணினி பொருத்திக் கொடுத்து வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப் போனதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தம்பி, கல்யாண வீடியோ தொழில் செய்பவர், இரண்டு ஆண்டு சேமித்த பணத்தோடு என்னிடம் வந்தார். விலை உயர்ந்த கார்டு ஒன்றை வாங்கினோம். அதன் பெயரைப் பார்த்து, அதே பெயருக்கு உரிய வாட்டர் பிளாக்கை இணையத்தில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கார்டைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, பிளாக்கை வைத்தால் உட்காரவில்லை. மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இரண்டாவது பதிப்பு என்று இருந்தது. அந்தப் பதிப்பில் மின்சுருள் வரிசையை இடம் மாற்றிவிட்டார்கள். பெட்டி திறந்தாகிவிட்டது என்று இணையக் கடை பிளாக்கைத் திரும்ப எடுக்க மறுத்தது. கழற்றும்போது கார்டின் உத்தரவாத ஸ்டிக்கரும் கிழிந்து போயிருந்தது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிய நேரம். அந்தத் தம்பி இரவல் மடிக்கணினியில் இரண்டு கல்யாணத்தை எடிட் செய்து கொடுத்தார். பிளாக்கின் விலையை நான் என் கையிலிருந்து கட்டினேன். தவறு என்னுடையது. பெயரைப் பார்த்தேன், பலகையைப் பார்க்கவில்லை.

பெயர் அல்ல, பலகைதான் முக்கியம்

சாதாரணக் கணினிக்குக் கார்டு வாங்குபவர் வேகத்தையும் விலையையும் பார்த்தால் போதும். வாட்டர் பிளாக் போடப் போகிறவர் கார்டின் உள்ளே இருக்கும் மின்பலகையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிளாக் என்பது செம்பில் குடைந்த ஒரு தகடு. சிப், நினைவகம், மின்சாரம் சீராக்கும் பாகங்கள் எல்லாவற்றின் மீதும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். ஒரு பாகம் இடம் மாறினாலும், உயரம் கூடினாலும் தகடு சிப்பைத் தொடாது.

என்விடியாவும் ஏஎம்டியும் சிப்பைத் தயாரித்து ஒரு மாதிரிப் பலகையையும் வடிவமைக்கின்றன. ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஸோட்டாக், இன்னோ3டி, கலர்ஃபுல், பாலிட் போன்ற நிறுவனங்களில் சில அந்த மாதிரிப் பலகையை அப்படியே பயன்படுத்தும். சில தங்களுக்கென்று தனிப் பலகை போடும். ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசையும் உயர் வரிசையும் வேறு வேறு பலகையாக இருக்கும். பாலிட்டும் கெயின்வர்ட்டும் ஒரே குடும்பம் என்பதால் பெரும்பாலும் ஒரே பலகை வரும். விலை ஏறிய உயர் வரிசைக் கார்டுக்குத்தான் பிளாக் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் மாதிரிப் பலகையில் செய்த எளிய கார்டுக்குத்தான் அதிகப் பிளாக்குகள் கிடைக்கும். உயர் வரிசைக் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பெரிய காற்றாடிக்கும் கனமான உலோகத்துக்கும் விளக்குக்கும் போகிறது. நீங்கள் அவற்றைக் கழற்றி அலமாரியில் வைக்கப் போகிறீர்கள்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கார்டை வாங்குங்கள். அல்ஃபாகூல், வாட்டர்கூல், பைக்ஸ்கி, பேரோ போன்ற தயாரிப்பாளர்கள் எந்தப் பிளாக் எந்தக் கார்டுக்குப் பொருந்தும் என்று பட்டியல் தருகிறார்கள். கடையில் கார்டின் பெட்டியைக் கையில் வாங்கி, மாதிரி எண் முழுவதையும், பதிப்பு எண் இருந்தால் அதையும் படம் எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லோயாட் பிளாசாவில் முகத்தைச் சுளிக்காமல் பெட்டியைக் காட்டும் கடைகள் இருக்கின்றன. காட்ட மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பிளாக் தயாரிப்பாளருக்குப் படத்தை அனுப்பிக் கேளுங்கள். பதில் வரச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள் பொறுமை எனக்கு அன்று இல்லை.

என்விடியாவே தன் பெயரில் விற்ற 5090 கார்டுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் மின்பலகை ஒன்றாக இல்லாமல் மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கும். சிப்பின் மீது சாதாரணப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கும். அது பக்கத்துப் பாகத்தில் சிந்தினால் கார்டு செத்துவிடும். முதல்முறை பிளாக் மாட்டுபவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எந்தக் கார்டு?

உயர்நிலைக் கார்டு என்று இப்போது பேசப்படுபவை ஒரு கைவிரலில் அடங்கும். ஆர்டிஎக்ஸ் 5090, 2025 ஜனவரியில் வந்தது. 32 ஜிபி நினைவகம், 575 வாட். அமெரிக்க அறிமுக விலை 1,999 டாலர், நம் நாட்டில் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். அதோடு வந்த 5080க்கு 16 ஜிபி, 360 வாட், 999 டாலர். 5070 டிஐக்கும் அதே 16 ஜிபிதான், 300 வாட். 2022 அக்டோபரில் வந்த 4090க்கு 24 ஜிபி, 450 வாட். ஏஎம்டி பக்கம் 24 ஜிபி கொண்ட 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட், 16 ஜிபி கொண்ட 9070 எக்ஸ்டி 304 வாட்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால், 1440 திரையில் விளையாடும் ஒருவருக்கு 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி தாராளம். அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றாடியே சமாளிக்கும். அழகுக்காகப் போடுகிறேன் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் 'தண்ணீர் போட்டால் கார்டு வேகமாகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைக்கும் வேகம் சில விழுக்காடுதான். தண்ணீர் தரும் உண்மையான லாபம் மூன்று: சத்தம் குறையும், சூடு குறையும், மூன்று நான்கு இடத்தை அடைக்கும் கார்டு ஒன்று இரண்டு இடத்துக்குச் சுருங்கும். இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டு அதே அறையில் தூங்கும் பிள்ளைகளுக்கு முதல் லாபமே போதும்.

தொழிலுக்கு என்றால் கணக்கு வேறு. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கும் கனமான முப்பரிமாணக் காட்சிகளுக்கும் வேகத்தைவிட நினைவகம் முக்கியம். மாதிரி 16 ஜிபிக்குள் அடங்கவில்லை என்றால் 5080இன் வேகத்தால் பயனில்லை, வேலை நத்தை போல் நகரும். அங்கே பழைய 24 ஜிபி கார்டு புதிய 16 ஜிபி கார்டை வென்றுவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் என்விடியாவின் கூடாவை எதிர்பார்த்து எழுதப்பட்டவை என்பதால், ஏஎம்டி வாங்குமுன் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அதில் ஓடுமா என்று பார்த்துவிடுங்கள்.

அதனால்தான் பழைய 3090ஐப் பலர் தேடுகிறார்கள். 2020இல் வந்தது, 24 ஜிபி, 350 வாட். ஆனால் அதில் ஒரு சிக்கல்: நினைவகச் சில்லுகள் பலகையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. முன்பக்கத்துக்கு மட்டும் பிளாக் போட்டால் சிப் குளிர்ந்துவிடும், பின்பக்கச் சில்லுகள் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த நினைவகம் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கென்று பின்பக்கமும் தண்ணீர் ஓடும் பிளாக் இருக்கிறது. இல்லையென்றால் பின் தகட்டுக்கு நல்ல வெப்பத் திண்டும் அதன் மேல் ஒரு சிறு காற்றாடியுமாவது வேண்டும். இன்னொன்று, 2022 செப்டம்பரில் இத்தீரியம் நாணயம் கார்டு வழி சுரங்கத்தைக் கைவிட்டபோது சந்தையில் வந்து விழுந்த கார்டுகளில் இவையும் உண்டு. நேரில் போய் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, நினைவகச் சூட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'பெட்டியோட இருக்கு அண்ணே' என்பது சோதனை ஆகாது.

பழைய கார்டில் ஒரு சுவையான விஷயமும் உண்டு. 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்த புதிதில், ஏஎம்டியின் மாதிரிக் கார்டுகள் சிலவற்றில் குளிரூட்டும் ஆவி அறையில் கோளாறு இருந்து, சூடு 110 டிகிரிக்குப் போனது. 2023 தொடக்கத்தில் ஏஎம்டியே அதை ஒப்புக்கொண்டது. கோளாறு குளிரூட்டியில்தான், சிப்பில் இல்லை. அப்படி ஒரு கார்டு மலிவாகக் கிடைத்தால், குளிரூட்டியைக் கழற்றி எறியப் போகிற நமக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் சூட்டிலேயே நீண்ட நாள் ஓடிய கார்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் சூட்டுக்குக் கணக்கு

இணையத்தில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடந்தவை. நம் வீட்டில் ஏர்கோன் இல்லாத பிற்பகல் அறை 31, 32 டிகிரி. ஜிங் கூரை வீடு என்றால் இன்னும் கூடும். தண்ணீரால் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர வைக்க முடியாது. கார் ரேடியேட்டர் மாதிரிதான், சூட்டை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறது. அறை 31 என்றால் தண்ணீர் 43 வரை போகும், சிப் அதற்கு மேல் 15 கூடி 58 ஆகும். காற்றாடிக் கார்டு அதே அறையில் 75, 80ல் நின்றிருக்கும் என்பதால் இது நல்ல நிலைதான். ஆனால் வெளிநாட்டுக்காரர் காட்டும் 45 டிகிரியை எதிர்பார்த்து, வரவில்லையே என்று பிளாக்கைத் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டாம்.

தண்ணீர் 60 டிகிரியைத் தொடவே கூடாது. பம்ப் பழுதாகும், பிஇடிஜி குழாய் இளகி பிட்டிங்கிலிருந்து வழுக்கிவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு: 100 வாட்டுக்கு 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்று அளவு ரேடியேட்டர். 5080உம் 150 வாட் செயலியும் சேர்ந்து 510 வாட், ஆக ஐந்து காற்றாடி. 360 ஒன்றும் 240 ஒன்றும் போடலாம். 5090 என்றால் 725 வாட், ஏழு காற்றாடி. அதாவது 360 ரேடியேட்டர் இரண்டு போட்டும் ஒன்று குறைகிறது. அந்த அளவுக்குக் கேசிங்கில் இடம் இருக்கிறதா என்று கார்டு வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். இடம் இல்லையென்றால் கார்டின் மின்வரம்பைக் குறைக்கலாம். 4090ஐ 450 வாட்டிலிருந்து 350க்கு இறக்கினாலும் வேகம் சில விழுக்காடுதான் குறையும். நான் கட்டிக் கொடுக்கும் கணினிகளில் பெரும்பாலும் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன்.

அந்த 700 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குத்தான் வரும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் வேலையில் கால் பங்குக்கு மேல் அதுவே தின்றுவிடும். தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதம் 84 யூனிட். அப்பா பெயரில் வரும் மின்கட்டணம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

ஏர்கோன் அறையில் குழாய் வியர்த்துச் சொட்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சொட்டாது. ஓடும் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். சில்லர் வைப்பவர்களுக்குத்தான் அந்தப் பயம்.

மின்சாரம்

4090 வந்த மாதத்திலேயே அதன் 16 முனை மின் இணைப்பு உருகியதாகப் படங்கள் வரத் தொடங்கின. பிறகு 2023இல் 12வி-2எக்ஸ்6 என்ற திருத்திய வடிவம் வந்தது. புதியது என்றாலும் கவனம் தேவை. கிளிக் என்று கடைசி வரை உள்ளே தள்ளுங்கள், முனையிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை வளைக்காதீர்கள். கேசிங்கின் கண்ணாடி கம்பியை அழுத்துகிறதா என்று பாருங்கள். பிளாக் போட்டபின் கார்டு மெல்லியதாகிவிட்டாலும் பலகையின் உயரம் குறைவதில்லை, கம்பி அங்கேதான் நிற்கும். பவர் சப்ளைக்கு என்விடியா சொல்லும் அளவு 5090க்கு 1000 வாட், 4090க்கும் 5080க்கும் 850. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். மின்னல் அதிகம் விழும் நாடு நம்முடையது. நல்ல மின்னெழுச்சித் தடுப்பு ஒன்று கட்டாயம். வீட்டில் கிடக்கும் 650 விஏ யுபிஎஸ் இந்தக் கணினியைத் தாங்காது.

உத்தரவாதம்

இதைத்தான் நம்மவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். கார்டின் திருகு மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை என்பார்கள். சில நிறுவனங்கள் குளிரூட்டியைக் கழற்றினாலும், சேதம் இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் நிறுவனத்தின் கொள்கை ஒன்று, உள்ளூர் விநியோகிப்பாளர் சொல்வது வேறொன்றாக இருக்கும். வாங்கும் முன் உள்ளூர் விநியோகிப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை வந்தால், சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு 50,000 வெள்ளி வரையிலான வழக்கை மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. எழுத்தில் இருக்கும் பதில் அங்கே பேசும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே பிளாக் மாட்டி வரும் கார்டுகள் உண்டு. கிகாபைட்டின் வாட்டர்ஃபோர்ஸ், ஸோட்டாக்கின் ஆர்க்டிக்ஸ்டார்ம், இன்னோ3டியின் ஃப்ராஸ்ட்பைட் அந்த வகை. வாட்டர்ஃபோர்ஸ் பெயரில் ரேடியேட்டரோடு மூடி வரும் கார்டும் இருக்கிறது. நமக்கு வேண்டியது பிளாக் மட்டும் உள்ளது, குழப்பிக்கொள்ள வேண்டாம். விலை சற்றுக் கூடுதல். முதல்முறை செய்பவர்களுக்கு, முக்கியமாக அந்தக் கணினியில்தான் சம்பாத்தியம் என்பவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்கிறேன். அந்தக் கோல சிலாங்கூர்த் தம்பியும் இப்போது இப்படி ஒரு கார்டுதான் வைத்திருக்கிறார்.

தனியாகப் பிளாக் வாங்குபவர்கள் செலவையும் முழுதாகக் கூட்டிப் பாருங்கள். பிளாக், பம்ப், ரேடியேட்டர், பத்துப் பன்னிரண்டு பிட்டிங், குழாய், திரவம். சீனத் தயாரிப்பாக எடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி, ஐரோப்பியப் பொருள் என்றால் இரண்டு மூன்று மடங்கு. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. செம்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். மலிவு ரேடியேட்டர்களில் இது நடக்கும், பெட்டியில் செம்பு என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

தாமான் கடை வாசலில் இருக்கும் தண்ணீர் இயந்திரத்துத் தண்ணீரை ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. குடிப்பதற்கு அது சரி, பிளாக்கின் நுண்ணிய வரிகளில் உப்பும் பாசியும் சேரும். ஆயத்தமாகக் கலந்து விற்கும் திரவம் வாங்குங்கள். இல்லையென்றால் வாலை வடித்த நீரோடு அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வண்ணக் கலவை பார்க்க அழகு, அடைப்பும் அதில்தான் அதிகம்.

மாட்டி முடித்ததும் கணினியை உடனே ஓட்ட வேண்டாம். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் மின்சாரம் இல்லாமல், பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ தாளை வையுங்கள். ஒரு துளி விழுந்தாலும் தெரியும். கழற்றிய குளிரூட்டியையும் அதன் திருகுகளையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி, கார்டின் பெட்டியிலேயே வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து கார்டை விற்கப் போகும்போது, காற்றாடியோடு கொடுக்கும் கார்டுக்குத்தான் வாங்க ஆள் வரும்.